தங்கவயலில் விளைந்த தமிழ்

தமிழகத்திற்கு வெளியே தமிழ் வளர்ந்த வரலாற்றை எழுதப் புகுவோர், பெருநகரங்களையும் அங்கே கற்றோர் கூடி நிறுவிய சங்கங்களையுமே முதற்கண் எண்ணுவர். மாற்றல் ஆணை பெற்று ஊர்விட்டு ஊர் செல்லும் நம்மனோர்க்கு அவ்வாறு எண்ணுதல் இயல்பே. ஆயின், நாம் மறக்கலாகாத சிறுநகர் ஒன்று கருநாடக மண்ணில் உண்டு. அதுவே கோலார் தங்கவயல்.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே சுரங்கத் தொழிலில் இறங்கினர். வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் குடும்பம் குடும்பமாகச் சென்று குடியேறினர். அவருள் மிகப் பலர், சொந்த ஊரில் உழ நிலமும் இன்றி, நிமிர்ந்து நடக்க உரிமையும் இன்றி வாழ்ந்த ஒடுக்கப்பட்டோர். சுரங்கங்கள் நாளடைவில் 3,000 மீட்டருக்கும் கீழே சென்றன. வெப்பமும் பாறைவெடிப்பும் உயிர் குடித்தன. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சுரங்கப் பொறிகளை இயக்கிற்று. அப்பொறிகளோடு உழைத்தவரோ மூங்கில் தட்டிக் குடில்களில் உறங்கினர்.

அத்தகைய வாழ்விற்கு இடையேதான் அவர்கள் தமிழைப் போற்றினர். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்குத் தங்கவயலில் ஆர்வமிக்க வாசகர் இருந்தனர். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை தோன்றிற்று. பண்டிதர் 1914இல் மறைந்தார். பின்னர் 1926இல் ‘தமிழன்’ மீண்டும் எழுந்தது தலைநகரில் அன்று, தங்கவயலிலேயே! ஜி. அப்பாதுரையார் அதன் ஆசிரியராய் அமைந்தார். சித்தார்த்த புத்தகசாலை பல தமிழ் நூல்களை அங்கிருந்து வெளியிட்டது. புலவர் பலர் புரவலரைத் தேடிச் சென்ற கதைகளை நாம் படித்திருக்கிறோம். ஈண்டோ தொழிலாளரே வாசகர், அவரே புரவலர்.

எழுத்தின் அருமை உணர்ந்த அம்மக்கள் தம் மானத்தின் அருமையும் உணர்ந்திருந்தனர். 1930இல் தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிய வேண்டும் என நிருவாகம் பணித்தபோது, தம்மைக் குற்றவாளிகள்போல் நடத்துவதாகக் கருதி, ஒன்றுபட்டு வேலைநிறுத்தம் செய்தனர்.

1956இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அவை மூடப்பட்டன. பொன் பிரித்தெடுத்தபின் எஞ்சிய சயனைடு மண்மேடுகள் இன்றும் குன்றுகள்போல் நிற்கின்றன. அவ்வூர் மக்கள் பலர் வைகறையில் தொடர்வண்டி ஏறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் இல்லம் திரும்புகின்றனர்.

வேலை ஒன்றே ஒரு சமுதாயத்தை ஓரிடத்தில் கூட்டியிருப்பின், வேலை போனதும் அதன் வரலாறும் சிதறத் தொடங்கும். மூத்தோர் மறைவர், பழைய இதழ்களும் சங்க அறிக்கைகளும் பழந்தாள் கடைக்குச் செல்லும். பெங்களூரிலும் பிற நகரங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் தங்கவயலில் வேர்கொண்டவை உள. அவ்வில்லங்களின் பரண்களில் கிடக்கும் தாள்களும் நிழற்படங்களும் வெறும் குடும்பச் சொத்தல்ல. தமிழ் வரலாற்றின் ஏடுகள். அவற்றைத் தேடித் திரட்டிப் படியெடுத்துக் காத்தல் நம் போன்ற சங்கங்களின் கடமை. மண்ணுக்குள் இருந்த பொன் நாட்டின் கருவூலம் சேர்ந்தது. அதை அகழ்ந்தோர் வளர்த்த தமிழேனும் நம் பிள்ளைகளின் கையில் சேர்வதாக!