எண்ணெய்க் கிணற்றின் கட்டுச்சோறு

மார்கழி, தை மாதங்களில் தில்லியிலோ கான்பூரிலோ வாழும் தமிழ்க் குடும்பங்களில் அன்றாடம் காணும் காட்சி ஒன்று உண்டு. தலைக்குத் தடவ எடுத்த தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. அதனை வெந்நீரில் சற்று நேரம் நிறுத்தி வைத்து இளக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி நீரென ஓடும் அதே எண்ணெய், வடநாட்டுக் குளிரில் உறைந்துவிடுகின்றது. சுமார் 24 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே வெப்பம் இறங்கியதும் அதன் ஓட்டம் நின்றுபோகின்றது. நம் வீட்டு அலமாரியில் நிகழும் இச்சிறு தொல்லையே, பூமியின் ஆழத்திலிருந்து கச்சா எண்ணெயை மேலே கொண்டுவருவோரை மிகப் பெரிய அளவில் எதிர்கொண்டது. அந்த வரலாற்றை இன்று சிறிது காண்போம்.

எண்ணெய்க் கிணறு என்றவுடன், நம் ஊர்க் கிணறு போல அகன்ற பள்ளம் ஒன்றை எண்ணிவிடலாகாது. அது பல நூறு, பல ஆயிரம் மீட்டர் ஆழம் செல்லும் ஒடுங்கிய துளையேயாகும். துளையின் சுவர் இடிந்து விழாதிருக்கப் புறக்குழாய் ஒன்றைப் பதித்து, அதனுள்ளே சிறு குழாய் ஒன்றை இறக்குவார்கள். எண்ணெய் மேலே வரும் வழி இந்தச் சிறு குழாயே. அடியிலுள்ள பாறை அடுக்கில் அடைபட்டுக் கிடக்கும் எண்ணெய்க்குப் பூமி ஓர் அழுத்தத்தைத் தந்திருக்கின்றது. தொலைதூரம் செல்லும் பயணிக்கு வீட்டார் கட்டித் தரும் சோறு போன்றது அது. கட்டிக் கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு என்பது நம்மவர் வழக்கு. வழியிலேயே அது தீர்ந்துவிட்டால் பயணி ஊர் போய்ச் சேரமாட்டான்.

அந்தச் சோறு எவ்வாறு செலவாகின்றது? முதற் செலவு, எண்ணெயின் சொந்த எடை. 3,000 மீட்டர் ஆழமுள்ள கிணறு ஒன்றில் குழாய் முழுவதும் எண்ணெயே நிறைந்து நிற்பதாகக் கொள்வோம். நீரைக் காட்டிலும் எண்ணெய் இலேசானதாயினும், அந்தத் தூண் அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 255 கிலோகிராம் பாரத்தைச் சுமத்தும். இரண்டாவது செலவு உராய்வு. குழாயின் சுவரோடும் தன்னோடு தானும் உரசிக்கொண்டே எண்ணெய் ஏறுகின்றது. இவ்வுராய்வின் கணக்கை முதலில் வகுத்தவர்களுள் எவரும் எண்ணெயை மனத்திற்கொண்டு உழைக்கவில்லை என்பது விஞ்ஞான வரலாற்றின் சுவையான செய்திகளுள் ஒன்றாகும்.

பாய்சொய் என்பார் பிரெஞ்சு நாட்டு மருத்துவர். உடம்பின் நுண்ணிய குழாய்களில் இரத்தம் எவ்வாறு ஓடுகின்றது என்றறிய விரும்பிய அவர், மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி அளந்து, 1838ஆம் ஆண்டு முதல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஜெர்மானியப் பொறியாளர் ஹாகனும் 1839இல் தனித்து ஆராய்ந்து அதே உண்மையை எட்டினார். நீளம் கூடினால் ஓட்டம் குறையும். திரவம் பாகுபோல் தடித்தாலும் குறையும். இவை எதிர்பார்க்கத்தக்கவையே. ஆனால் விட்டத்தின் செய்தி வியப்பூட்டுவது. அமைதியாக ஓடும் திரவத்தில், குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் ஓட்டம் பாதியாவதில்லை. 16இல் ஒரு பங்காகிவிடுகின்றது.

அடுத்தவர் டார்சி. தம் ஊராகிய டிஜோன் நகருக்கு 1840இல் நல்ல குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் அவர். ஈயம், இரும்பு, கண்ணாடி எனப் பலவகைக் குழாய்களையும், புதியனவும் துருவேறிய பழையனவுமாகச் சோதித்து 1857இல் நூலாக வெளியிட்டார். குழாயின் உட்சுவர் சொரசொரப்பாயிருப்பின் அழுத்தம் அதிகமாக வீணாகும் என்பதை அவர் அளந்து காட்டினார். பின்னர் 1883இல் மான்செஸ்டர் நகரப் பேராசிரியர் ரெனால்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரினுள் சாயநீரை நூல்போல் விட்டு நோக்கினார். மெதுவாக ஓடியவரை நூல் நேராக நின்றது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் நூல் சிதறி நீரெங்கும் கலந்தது. சுழன்று ஓடும் இந்நிலையில் வேகத்தை இரட்டித்தால் அழுத்த இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

இவற்றையெல்லாம் கேட்பவர், எண்ணெய்க் கிணற்றில் இயன்றவரை அகன்ற குழாயை இறக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று கருதக்கூடும். கிணறு அதற்கு உடன்படவில்லை. காரணம், எண்ணெயில் கரைந்துள்ள வாயு. சோடாப் புட்டியைத் திறந்ததும் குமிழிகள் எழுவது போல, எண்ணெய் மேலேற அழுத்தம் குறைந்து வாயு பிரிகின்றது. குமிழிகள் கலந்த தூண் இலேசாகிவிடுவதால் அது எண்ணெயைத் தூக்கிவிடும் துணையாகின்றது. ஆனால் குழாய் மிக அகன்றிருந்தால் ஓட்டம் மந்தப்பட்டு, வாயு மட்டும் நழுவி மேலே ஓடிவிட, எண்ணெய் பின்தங்குகின்றது. மிக ஒடுங்கியிருந்தாலோ உராய்வு விழுங்கிவிடுகின்றது. ஆகவே ஒவ்வொரு கிணற்றுக்கும் அதற்கேற்ற நடுத்தர அளவு ஒன்று உண்டு. இதனைக் கணக்கிட ஹேகடார்ன், பிரவுன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் சுமார் 457 மீட்டர் ஆழமுள்ள சோதனைக் கிணறு ஒன்றில் பலவகைக் குழாய்களை வைத்து அளந்து, 1965இல் வெளியிட்ட முறை இன்றும் பொறியாளர்களுக்குப் பயன்படுகின்றது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். அசாமில் டிக்பாய் என்னுமிடத்தில் 1889இல் எண்ணெய் கிடைத்தது. 1953இல் அதே மாநிலத்து நகர்கட்டியாவில் பெரிய எண்ணெய்வயல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அந்த எண்ணெயில் மெழுகு மிகுதி. சுமார் 30 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் அது ஓட மறுக்கும். பூமியின் அடியில் வெப்பம் உண்டாதலால் அங்கே தொல்லையில்லை. மேலே ஏற ஏறக் குளிர்ந்து, மெழுகு குழாயின் உட்சுவரில் படிகின்றது. வழி ஒடுங்குகின்றது, சுவரும் சொரசொரப்பாகின்றது. பாய்சொய் கூறியதும் டார்சி கூறியதும் ஒரே குழாயில் ஒருங்கே வந்து நிற்கின்றன! இத்தகைய கிணறுகளில் கம்பியில் கட்டிய சுரண்டு கருவியை உள்ளே இறக்கி, மெழுகைச் சுரண்டி எடுப்பது தொழிலாளர்தம் இடையறாப் பணியாகும்.

கிணற்றைக் கடந்ததும் அடுத்த சோதனை காத்திருந்தது. இந்த எண்ணெயைக் குவஹாத்திக்கும், அதனைக் கடந்து பீகாரிலுள்ள பரோனிக்கும் கொண்டுசெல்ல 1,157 கிலோமீட்டர் நீளக் குழாய் அமைத்தார்கள். குவஹாத்தி வரையிலான பகுதி 1962லும், பரோனி வரையிலானது 1964லும் வேலை தொடங்கின. குளிர்கால இரவொன்றில் ஏதோ காரணத்தால் ஓட்டம் நின்றுவிட்டால், உள்ளிருக்கும் எண்ணெய் உறைந்து, மீண்டும் நகர்த்தப் பேரழுத்தம் தேவைப்படும். அத்தனை நீளக் குழாயை வெந்நீரில் வைக்க இயலுமா? ஆகவே எண்ணெயையே பக்குவப்படுத்தினார்கள். 90 டிகிரிக்கு மேல் சூடேற்றி, பின் கட்டுப்பாட்டுடன் மெல்லக் குளிரச் செய்தால், மெழுகின் படிகங்கள் வலைபோல் பின்னிக்கொள்ளாத வகையில் அமைகின்றன. மெழுகு அகன்றுவிடவில்லை, அதன் குணம் அடங்கியது. அதனால் குறைந்த வெப்பத்திலும் எண்ணெய் ஓடியது. பிற்காலத்தில் சிறிதளவு வேதிப்பொருளைக் கலந்து இப்பயனைப் பெறும் முறையும் வந்தது.

ஆண்டுகள் செல்லச் செல்லப் பூமி தந்த அழுத்தம் குறைந்தே தீரும். அப்போது கிணற்றின் தலையில் பம்பு ஒன்றை நாட்டுகின்றார்கள். அது தலையை மேலும் கீழும் ஆட்டுவதைக் காணும் தமிழருக்கு நம் ஊர் ஏற்றமே நினைவுக்கு வரும். அங்கலேசுவரத்திலோ டிக்பாயிலோ வாழும் நேயர்கள் அத்தகைய பம்பைக் கண்டிருக்கக்கூடும். ஆனால் அந்நாளை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவும் இலாபமே. ஏற்ற அளவுள்ள குழாயைத் தேர்ந்து, சுவரைத் தூய்மையாக வைத்து, வாயுவின் துணையை வீணாக்காது காப்பதே அதற்கு வழி.

இரத்தத்தை ஆராய்ந்த மருத்துவரும், ஊருக்குக் குடிநீர் தந்த பொறியாளரும், சாயநூலை நோக்கிய பேராசிரியரும் தேடிவைத்த அறிவு, அவர்கள் கண்டறியாத அசாமின் நிலத்தடியில் பயன் தந்தது. ஆயினும் அந்த அறிவு மட்டும் போதவில்லை. அசாம் எண்ணெயின் குணத்தைத் தனியே ஆராய்ந்து அறிய வேண்டியிருந்தது. பொதுவிதியைக் கற்பதோடு கையிலுள்ள பொருளின் தனி இயல்பையும் அறிதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குக் கூறுவது. வரும் குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை வெந்நீரில் வைக்கும்போது இதனை நாம் ஒரு கணம் நினைவுகூரலாம்.