பாயின்செட் கவுண்டியில் உழவு மானியம்: 1933 முதல் ஒரு வரலாற்று நோக்கு

பாயின்செட் கவுண்டி அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் வண்டல் சமவெளியில் உள்ளது. குரோலி மேடு அதை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே நெல் விளைகிறது. கிழக்குப் பகுதி நெடுங்காலம் பருத்தி நாடாக இருந்தது. பெரும்பண்ணைகளில் வாரத்துக்கு உழுத குடும்பங்களுக்குச் சொந்த நிலமில்லை. விதை, கலப்பை, கோவேறு கழுதை, கடனுக்குச் சாமான் எல்லாம் நிலக்கிழாரிடமிருந்தே வந்தன. கூட்டரசின் மானியம் இந்த ஏற்பாட்டுக்குள்தான் வந்து இறங்கியது.

1933 மே மாதம் வேளாண் சீரமைப்புச் சட்டம் நிறைவேறியது. விளைச்சலைக் குறைத்து விலையை உயர்த்துவது அதன் நோக்கம். அந்த ஆண்டே நாடெங்கும் சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தி, காய் வெடிக்கும் முன்பே உழுது அழிக்கப்பட்டது. 1934, 1935 ஆண்டுகளுக்கான ஒப்பந்தத்தில் பருத்திக்குப் பவுண்டுக்கு 4.5 சென்ட் மானியம் வகுக்கப்பட்டது. அதில் 3.5 சென்ட் நிலவாடகை என்ற பெயரில் நிலக்கிழாருக்கே போனது. மிஞ்சிய ஒரு சென்ட்டில் பாதிதான் வாரக்குடிக்கு. அந்த அரை சென்ட்டும் பலருக்குப் பழைய கடனில் கழிந்தது. சாகுபடிப் பரப்பு குறைந்ததால் ஆள் தேவையும் குறைந்தது. குடிகளை ‘இயன்றவரை’ வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒப்பந்த வாசகம் யாரையும் கட்டுப்படுத்தவில்லை. முறையீடுகளை விசாரித்த உள்ளூர்க் குழுக்களிலும் பண்ணையார்களே செல்வாக்குடன் இருந்தனர். முறையீட்டின் முடிவு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

1934 ஜூலையில் இக்கவுண்டியின் டைரோன்சா ஊருக்கு அருகே வெள்ளையர் 11 பேரும் கறுப்பினத்தவர் 7 பேரும் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடித் தென்னகக் குத்தகை உழவர் சங்கத்தைத் தொடங்கினர். நிறப்பாகுபாடு சட்டமாகவே இருந்த அக்காலத்தில் இது துணிச்சலான கூட்டு. சலவைக் கடை நடத்திய எச். எல். மிட்செல், பெட்ரோல் நிலையம் வைத்திருந்த கிளே ஈஸ்ட் இருவரும் முன்னின்றனர். குடிகளை வெளியேற்றிய ஒரு பண்ணையின் வழக்கு வாஷிங்டன் வரை சென்றது. முன்பிருந்த குடிகளையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்த வாசகத்துக்குப் பொருள் கூறிய, மானிய நிர்வாகத்தின் தலைமைச் சட்ட ஆலோசகர் ஜெரோம் ஃபிராங்கும் அவர் குழுவினரும் 1935 பிப்ரவரியில் பதவி இழந்தனர். வேளாண் செயலர் ஹென்றி வாலஸ் அந்த நீக்கத்துக்கு இசைந்தார்.

1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பட்லர் வழக்கில் மூலச் சட்டத்தை முடக்கியது. மண்வளப் பாதுகாப்பு என்ற புதுப் பெயரில் மானியம் அதே ஆண்டு திரும்பி வந்தது; 1938 சட்டம் அதை நிலைப்படுத்தியது. குடிகளுக்குரிய பங்கு கூடியது என்னவோ உண்மை. ஆனால் பங்கு தரவேண்டிய குடியைக் கூலியாளாக மாற்றிவிட்டால் பங்கே தரவேண்டியதில்லை. டிராக்டரும் பின்னர் பருத்தி பறிக்கும் இயந்திரமும் வந்தபோது வாரமுறை மறைந்தது.

பிற்காலச் சட்டங்கள் ஒரு சாகுபடிக்காரர் பெறும் தொகையின் அளவைப் பற்றிக் கவலைப்பட்டன. 1970இல் ஒருவருக்கு ஒரு பயிருக்கு 55,000 டாலர் என்ற உச்சவரம்பு வந்தது. 1973இல் அது பயிர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 20,000 ஆனது. பண்ணையைக் குடும்பத்தினர் பெயர்களில் பிரித்துக் காட்டுவது அதற்கு உடனடி மறுமொழியாயிற்று. 1985இல் நிலத்தைத் தரிசாக விடுவதற்கும் மானியம் வந்தபோது, ஒரு கவுண்டியின் விளைநிலத்தில் பொதுவாக 25 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று வரம்பு கட்டப்பட்டது. மொத்த நிலமும் ஓய்ந்தால் உரக்கடைக்கும் பருத்தி அரவை ஆலைக்கும் வேலை இருக்காது என்பதே காரணம். உதவி யாருக்குக் கிடைத்தது என்பதும் கேள்விக்குள்ளானது: வேளாண் துறையின் உள்ளூர் அலுவலகங்கள் கறுப்பின உழவர்களுக்குக் கடனும் உதவியும் மறுத்தன என்ற பிக்ஃபோர்டு வழக்கு 1999இல் நாடு தழுவிய உடன்பாட்டில் முடிந்தது.

2014 சட்டம் விலை எப்படியிருந்தாலும் தந்துவந்த நேரடித் தொகையை நிறுத்தியது. நீண்ட அரிசி நெல்லுக்கு 100 பவுண்டுக்கு 14 டாலர் என்று அடிப்படை விலை குறிக்கப்பட்டது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் மட்டும் ஈடு என்று ஆனது. கணக்கு ‘அடிப்படை ஏக்கர்’ மீது நடக்கிறது. அது முற்காலச் சாகுபடியைக் கொண்டு நிலத்தோடு ஒட்டிவரும் பதிவு. இந்த ஆண்டு என்ன பயிரிட்டார்கள் என்பதை அது பெரும்பாலும் பார்ப்பதில்லை. ரொக்கக் குத்தகை நிலத்தில் மானியம் சாகுபடி செய்பவரின் பெயருக்கே வருகிறது. அதில் ஒரு பகுதி குத்தகை உயர்வாக நில உரிமையாளரிடம் போய்ச் சேர்கிறது என்பதைப் பொருளியலாளர்கள் ஏற்கின்றனர். எவ்வளவு பகுதி என்பதில்தான் கருத்து வேறுபாடு.