சிக்லிட் மீன்களும் தொட்டியின் அளவும்: ஒரு வரலாறு

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வழக்கம் ஐரோப்பிய வீடுகளில் வேரூன்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டில், தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்னும் கேள்வி முதலில் மீனின் மூச்சைச் சார்ந்தே எழுந்தது. லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல் வெளியிட்ட ஆய்வுக் குறிப்பில், தங்கமீன்களையும் வாலிஸ்நீரியா என்னும் நீர்ப்பூண்டையும் நத்தைகளையும் ஒரே கலத்தில் வைத்தால், செடி விடும் உயிர்வளியை மீனும் மீன் விடும் கரியமில வாயுவைச் செடியும் ஏற்க, அழுகும் இலைகளை நத்தை தின்று தீர்க்க, நீர் மாற்றப்படாமலே நெடுநாள் நலமாக இருக்கும் என்று விளக்கினார். பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி 1845இலேயே நீக்கப்பட்டு விலை இறங்கியிருந்தது. 1853இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன்களுக்கென்றே ஒரு கூடம் திறக்கப்பட்டது. இவ்விரண்டும் சேர்ந்து அப்புதுக் கலையைப் பரப்பின.

அக்காலத்தில் அளவைத் தீர்மானித்தவை இரண்டு. உயிர்வளி நீரின் மேற்பரப்பு வழியாகவே பெரும்பாலும் கரைகிறது என்பதால், குறுகிய வாய்க் குடுவையைவிட அகன்ற தொட்டி மிகுதியான மீன்களைத் தாங்கும் என்று வளர்ப்போர் கண்டனர். மற்றொன்று தொழில்நுட்பத்தின் எல்லை: இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தி, சுண்ணப்பொடியும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த மக்கினால் இடுக்குகளை அடைத்துச் செய்த தொட்டிகள் கனமானவை, துருப்பிடிப்பவை, மக்கு காய்ந்தால் கசிபவை. ஆகவே பெருந்தொட்டி பொதுக் காட்சிக்கூடங்களுக்கே உரியதாயிற்று. 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் மீன்காட்சியகம் அமைத்த வில்லியம் ஆல்ஃபோர்டு லாய்டு, காட்சித் தொட்டிகளில் இருந்ததைவிடப் பன்மடங்கு நீரைத் தேக்கத்தில் வைத்து ஓயாமல் சுழலவிட்டதால், கண்ணுக்குத் தெரியும் நீரைவிட மீனைத் தாங்கும் மொத்த நீரே முதன்மையானது என்பது விளங்கியது.

இவ்வளவும் தங்கமீன் போன்ற சாதுவான மீன்களை வைத்து எழுந்த அறிவு. சிக்லிட் என்பது ஆப்பிரிக்காவிலும் தென், நடு அமெரிக்காவிலும் மிகுதியாகவும், ஆசியாவில் அரிதாகவும் வாழும் ஒரு மீன்குடும்பம். கேரளத்தில் கரிமீன் என வழங்கும் மீனும் இக்குடும்பத்ததே. இடம் பிடித்துக் காத்தலும், முட்டையையும் குஞ்சையும் பேணுதலும் இம்மீன்களின் இயல்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த சாஞ்சிட்டோ என்னும் சிக்லிட், முட்டையிடும் பருவத்தில் மணலைத் தோண்டி, அருகில் வரும் மீன்களைத் துரத்தும் தன்மையது. வாரிங்டன் கண்ட அமைதியான சமநிலைக்கு இத்தகைய மீனிடம் இடமில்லை. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமேசான் பகுதியிலிருந்து ஜெர்மனியை அடைந்த ஏஞ்சல் மீனோ, நீண்ட துடுப்புகள் மேலும் கீழும் விரியும் உடலமைப்பால் ஆழமான நீரை வேண்டியது.

இடம் காக்கும் இந்நடத்தைக்குக் காரணம் காணும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வலுப்பெற்றது. நெதர்லாந்தின் பேரண்ட்ஸ் இணையர் 1950இல் சிக்லிட்களின் நடத்தை பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டனர். ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரன்ஸ், வன்மை குறித்து 1963இல் வெளியிட்ட நூலில், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அயல் இணை கண்ணில் படும்வரை இணக்கமாக இருந்த ஆண் சிக்லிட், அக்கண்ணாடியில் பாசி படர்ந்து பார்வை மறைந்ததும் தன் பெட்டையிடமே முரட்டுத்தனம் காட்டியதை விவரித்தார். எதிர்ப்பதற்கு அயலாரும் விலகுவதற்கு இடமும் இல்லாத தொட்டியில், நீர் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், வலுவற்ற மீன் பிழைப்பது கடினம் என்பதே இதன் பொருள்.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில், பாறைக் கரைகளில் பாசியை மேய்ந்து வாழும் ம்புனா என்னும் சிறு சிக்லிட்களை ஜெஃப்ரி ஃபிரையர் 1959இல் ஆராய்ந்து எழுதினார். அவற்றில் பல இனங்களின் ஆண் மீன்கள் தமக்கென ஓரிடத்தைக் கைக்கொண்டு காப்பவை. அடுத்த இருபதாண்டுகளில் இவை உலகச் சந்தையில் பரவியபோது, நல்வாய்ப்பாகத் தொட்டிசெய் கலையும் மாறியிருந்தது: 1960களில் வந்த சிலிகான் பசை சட்டத்தின் தேவையை நீக்கிவிட்டதால், நான்கு அடி நீளத் தொட்டியும் சாதாரண வீட்டுக்குள் வந்தது. நெருக்கமாகப் பல மீன்களை விட்டு, சண்டை ஒரே மீன்மேல் குவியாமல் பலவற்றின்மேல் பரவச் செய்யும் முறையும் இக்கால அனுபவத்தில் பிறந்தது. ஆனால் கழிவு மிகுவதால் அதற்கு வலுவான வடிகட்டி இன்றியமையாதது.

இன்று பொதுவாகப் பின்பற்றப்படும் அளவுகள் இவ்வரலாற்றின் விளைவே. ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாத, நத்தை ஓட்டில் குடியிருக்கும் தங்கனிக்கா ஏரிச் சிக்லிட்களுக்கு இரண்டு அடித் தொட்டி போதும். ம்புனாக் கூட்டத்துக்கு நான்கு அடி நீளமும் ஏறத்தாழ 200 லிட்டர் நீரும் குறைந்த அளவு. ஓர் அடி வரை வளரும் ஆஸ்கார் என்னும் சிக்லிட்டுக்கு அதனினும் கூடுதல் தேவை. ஏஞ்சல் மீனுக்கு ஒன்றரை அடி உயரம் வேண்டும். ஆகவே சிக்லிட் வளர்க்க எண்ணுபவர், லிட்டர் கணக்குக்கு முன், முழுவளர்ச்சி அடைந்த மீன் எவ்வளவு தரைப்பரப்பைத் தன் எல்லையாகக் கொள்ளும், துரத்தப்படும் மீன் எங்கே ஒதுங்கும் என்று கேட்பதே முறை. அக்கேள்விக்கு விடையளிக்க முடியாத தொட்டியில் அம்மீனை விடாதிருப்பதே அதற்குச் செய்யும் நீதி.