கிப்லீம்: நிலப்பெயர் வினைப்பெயரான வரலாறு

சாலமோன் எருசலேமில் எழுப்பிய கோயிலுக்குக் கல்லும் மரமும் பண்படுத்தியோர் மூவகையினர் என்று விவிலியத்தின் 1 அரசர்கள் நூல் கூறுகிறது (எபிரேய மூலத்தில் 5:32, ஆங்கிலப் பதிப்புகளில் 5:18). சாலமோனின் கட்டுநர், தீரு நகர வேந்தன் ஈராமின் கட்டுநர், ‘கிப்லீம்’ என்போர் அவர்கள். முதலிரண்டும் தொழிலால் பெற்ற பெயர்கள். மூன்றாவது கெபால் என்னும் ஊரால் பெற்ற பெயர். ஆயினும் 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு அதனைக் ‘கல்லைச் சதுரிப்போர்’ என்று பெயர்த்து, ஊர்ப்பெயரை ஓரக்குறிப்பில் வைத்தது.

சொல்லமைப்பு தெளிவானது. ஊர்ப்பெயரோடு ‘-ஈ’ விகுதி சேரக் ‘கிப்லீ’ என்றாகும். ‘-ஈம்’ பன்மை வடிவம். யோசுவா 13:5இல் இதே சொல் ஒருமையில் வருகிறது. அங்கு அது மக்களினப் பெயராகவே பெயர்க்கப்பட்டது. அவ்விரு நூல்களும் ஒரே வெஸ்ட்மின்ஸ்டர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டவை என்பது நோக்கத்தக்கது. ஆகவே இது சொல்லை அறியாமையால் நேர்ந்ததன்று. கட்டுநர் இருவரை அடுத்து வருவதும் ஒரு தொழிலாகவே இருத்தல் வேண்டும் என்ற சூழல் அழுத்தமே காரணம் எனலாம். அரமேயத் தர்கூமும் முன்பே கல்தச்சர் என்றே பொருள் கொண்டிருந்தது.

கிரேக்கச் செப்துவசிந்தாவில் மயக்கம் இன்னும் மிகுதி. உயிர்க்குறி இல்லாத எழுத்தில் ‘கட்டுநர்’, ‘மைந்தர்’ என்னும் இரு சொல்லும் ஒரே வடிவின. ஆதலின் கட்டுநர் மைந்தராயினர். கிப்லீம் நின்ற இடத்தில் ‘இட்டனர்’ எனப் பொருள்படும் ‘எபலன்’ என்னும் வினை நிற்கிறது. ஊர்ப்பெயரின் ஒலியே வினையாகத் திரிந்திருக்கலாம். ஜெரோமின் இலத்தீன் பெயர்ப்பு மட்டும் ‘கிப்லீ’ என மக்கட்பெயரைக் காத்தது.

இவ்வூர் சிறிய ஊரன்று. கி.மு. 14ஆம் நூற்றாண்டின் அமர்னா மடல்களில் குப்லா, கிரேக்கர் வாயில் பிப்லோஸ், இன்றைய லெபனான் கடற்கரையில் ஜுபைல் என வழங்குவது இதுவே. கேதுரு மரம் எகிப்துக்குச் சென்ற துறை இது. எகிப்தியர் கடலோடும் மரக்கலத்தையே இவ்வூர்ப் பெயரால் அழைத்தனர். எசேக்கியேல் 27:9 தீருவின் கலங்களில் பிளவடைக்கும் கெபால் வல்லுநரைக் குறிக்கிறது. கல்தச்சர் எனக் கொண்டால் இந்த மரத்தொழில் மரபு முழுவதும் மறைந்துவிடுகிறது. மூலத்தொடரோ கல்லையும் மரத்தையும் ஒருங்கே சொல்கிறது.

தொல்காப்பியம் நிலப்பெயரையும் வினைப்பெயரையும் வேறு வேறாக எண்ணும். சோழியன் நிலப்பெயர், தச்சன் வினைப்பெயர். பெயரைப் பிரித்துக்காட்டும் பெரிய எழுத்து எபிரேயத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. ‘கிப்லியர்’ என ஒலிபெயர்த்தால் தமிழ் வாசகர் எசேக்கியேலின் கெபாலோடு அதனைத் தொடர்புபடுத்த இயலாது. ‘கெபால் ஊரார்’ என்பது அத்தொடர்பைக் காக்கும்.