தொலைவின் விலை: டெலிகன்வெர்ட்டர் வில்லையின் வரலாறு



பள்ளி விளையாட்டுப் போட்டி நாள் நெருங்கினால் போதும், படம் பிடிக்கும் பொறுப்பை ஏற்றவர்களிடையே ஒரு கேள்வி தவறாமல் எழும். திடலின் மறுகோடியில் ஓடும் பிள்ளையை அருகில் நிற்பதுபோல் எடுப்பதெப்படி? நீண்ட டெலிபோட்டோ வில்லை வாங்கலாமென்றால் அதன் விலை பல ஆயிரம் வெள்ளியைத் தொடும். அப்போது கடைக்காரர் ஒரு சிறு கண்ணாடி வளையத்தை எடுத்துக் காட்டுவார். படக்கருவிக்கும் வில்லைக்கும் நடுவே அதைப் பொருத்திவிட்டால் 200 மி.மீ. வில்லை 400 மி.மீ. ஆகிவிடும் என்பார். அதுதான் டெலிகன்வெர்ட்டர். கேட்பதற்கு மாயவித்தை போலிருக்கிறது. ஆனால் அதன் பின்னே நானூறு ஆண்டு அறிவியல் வரலாறும், தொலைவை நெருக்கமாக்குவதற்கு மனிதன் கொடுத்துவந்த விலையும் இருக்கின்றன. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குவிவில்லையும் குழிவில்லையும்

கலிலியோ 1609இல் வானை நோக்கிய தொலைநோக்கியில் முன்புறம் ஒரு குவிவில்லையும் கண்ணருகே ஒரு குழிவில்லையும் இருந்தன. ஈராண்டுகள் கழித்து, 1611இல், யோகான்னஸ் கெப்ளர் 'தியோப்ட்ரிசே' என்னும் ஒளியியல் நூலை வெளியிட்டார். குவிவில்லை தோற்றுவிக்கும் பிம்பம் உருவாவதற்குச் சற்று முன்பாக ஒரு குழிவில்லையை வைத்தால், ஒளிக்கதிர்கள் ஒன்றுகூடுவது தாமதமாகிப் பிம்பம் பெரிதாகும் என்ற கருத்து அந்நூலில் உண்டு. இன்றைய டெலிபோட்டோ வில்லைக்கும் டெலிகன்வெர்ட்டருக்கும் அடிப்படை இந்த ஒரு கருத்தேயாகும். ஒளிப்படக்கலை பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே அதன் கணக்கு எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

கணக்கைக் கருவியாக்கியவர் ஓர் ஆசிரியர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இங்கிலாந்தின் நார்விச் நகரில் 1776இல் பிறந்த பீட்டர் பார்லோ, பெரும்பாலும் தாமே கற்றுத் தேர்ந்தவர். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிப் பின்னர் 1801 முதல் வுல்விச் அரச இராணுவக் கழகத்தில் கணிதம் கற்பித்தார். வர்க்கம், வர்க்கமூலம் முதலியவற்றைக் கொண்ட அவருடைய கணித அட்டவணைகள் 1814இல் வெளிவந்து, மின்கணிப்பொறிகள் வரும்வரை பல தலைமுறைகளுக்குப் பயன்பட்டன. அவரே 1830களில் கண்ணாடிக் கலைஞர் ஜார்ஜ் டாலண்டுடன் இணைந்து, இருவகைக் கண்ணாடிகளை ஒட்டிச் செய்த ஒரு குழிவில்லையைத் தொலைநோக்கிக்கு உருவாக்கினார். வண்ணச் சிதறலை அது வெகுவாகக் குறைத்தது. வானியல் ஆர்வலர்கள் இன்றளவும் அதனைப் 'பார்லோ வில்லை' என்றே அழைக்கின்றனர். டெலிகன்வெர்ட்டர் என்பது படக்கருவிக்கு இடம்பெயர்ந்த பார்லோ வில்லையே அன்றி வேறன்று.

படக்கருவிக்குள் நுழைந்த தொலைநோக்கி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒளிப்படக் கலைஞருக்கு ஒரு பெருந்தொல்லை இருந்தது. சாதாரண வில்லையின் குவியத் தொலைவு ஒரு மீட்டர் என்றால், படக்கருவியையும் ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு நீட்டியாக வேண்டும். காற்றில் ஆடும் அத்தகைய கருவியைக் கொண்டு மலைச்சிகரத்தையோ கோபுர உச்சியையோ படமெடுப்பது எளிதன்று.

1891இல் இதற்கு விடை கிடைத்தது. இலண்டனில் தாமஸ் ருடால்பஸ் டால்மேயர், பெர்லினில் அடால்ப் மீத்தே, மூனிக் நகரில் ஸ்டைன்ஹைல் நிறுவனத்தார் ஆகிய மூன்று தரப்பினர் அதே ஆண்டில் தனித்தனியே டெலிபோட்டோ அமைப்பைக் கொணர்ந்தனர். ஒரு கருத்து கனிந்துவிட்டால் அது பல மரங்களில் ஒரே பருவத்தில் பழுக்கும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. அந்நாளைய டெலிபோட்டோ பெரும்பாலும் தனி வில்லையன்று. ஏற்கெனவே கையிலுள்ள வில்லையின் பின்னே ஒரு குழலில் குழிவில்லைத் தொகுதி பொருத்தப்பட்டது. இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை மாற்றினால் பெருக்கமும் மாறும். ஆக, இன்று நாம் துணைக்கருவியாகக் கருதும் டெலிகன்வெர்ட்டரின் வடிவமே அன்று டெலிபோட்டோவின் முதல் வடிவமாக இருந்தது. டால்மேயர் 1899இல் 'டெலிபோட்டோகிராபி' என்ற நூலையும் எழுதினார்.

விலை என்ன?

இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. பிம்பத்தை நீளத்திலும் அகலத்திலும் இருமடங்காக்கினால் அதன் பரப்பு நான்கு மடங்காகிறது. வில்லைக்குள் நுழைந்த ஒளியோ கூடவில்லை. அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவ வேண்டியிருப்பதால், ஒவ்வோர் இடத்திலும் கால்பங்கு வெளிச்சமே விழுகிறது. நான்கு மடங்கு பெருக்கினால் பதினாறில் ஒரு பங்கு. டால்மேயர் காலத்துக் கலைஞர்கள் இவ்விலையை நேரத்தால் செலுத்தினர். ஒரு வினாடி போதுமாயிருந்த இடத்தில் பதினாறு வினாடி காத்திருந்தனர். மலை காத்திருந்தது. பறவை காத்திருக்கவில்லை.

இக்கணக்கு இன்றும் மாறவில்லை. 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் ஒளியைப் பாதியாக்கும். ஒளிப்படத் துறையினர் இதனை ஒரு 'ஸ்டாப்' இழப்பு என்பர். இரு மடங்கு டெலிகன்வெர்ட்டர் இரண்டு ஸ்டாப் இழக்கும். 200 மி.மீ. எஃப் 2.8 வில்லை, 1.4 மடங்கில் 280 மி.மீ. எஃப் 4 ஆகும்; இரு மடங்கில் 400 மி.மீ. எஃப் 5.6 ஆகும். 1.4 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று மாணவர் கேட்டால், இரண்டின் வர்க்கமூலம் என்று சொல்லுங்கள். நீளம் அத்தனை மடங்கு பெருகினால் பரப்பு சரியாக இருமடங்காகும். பார்லோவின் அட்டவணையில் அவ்வெண்ணும் உண்டு.

வகுப்பறையில் இதை மெய்ப்பிக்கவும் இயலும். அட்டையில் ஒரு சிறு சதுரத் துளையிட்டு, இருட்டறையில் அதற்குப் பின்னே சற்றுத் தள்ளி ஒரு டார்ச்லைட்டை வையுங்கள். துளைவழியே வரும் ஒளிச் சதுரத்தைக் கட்டத்தாளில் ஏந்தி, விளக்கிலிருந்து தாளின் தொலைவை இருமடங்காக்குங்கள். ஒரு கட்டத்தில் இருந்த ஒளி ஏறத்தாழ நான்கு கட்டங்களில் மங்கலாய்ப் பரவுவதை மாணவர்கள் தம் கண்ணாலேயே எண்ணிக் காண்பர்.

சிறை முற்றத்தில் ஒரு வில்லை

ஒளியால் செலுத்தும் விலையைவிடக் கனமான விலை ஒன்றும் உண்டு. அதனை 1913ஆம் ஆண்டு நமக்குக் காட்டுகிறது.

பெண்களுக்கு வாக்குரிமை கோரிப் போராடிய பிரிட்டானியப் பெண்கள் அப்போது சிறையில் அடைக்கப்பட்டிருந்தனர். காவல்துறைக்கு அவர்களின் படங்கள் தேவைப்பட்டன. அப்பெண்களோ படம்பிடிக்க இணங்கவில்லை. முகத்தைச் சுளித்தனர், தலையைத் திருப்பிக்கொண்டனர். ஈவ்லின் மனெஸ்டா என்ற பெண்ணைக் கழுத்தைச் சுற்றிக் கையிட்டுப் பிடித்துப் படமெடுத்துவிட்டு, பின்னர் அந்தக் கையைக் கழுத்துத் துணியாக மாற்றி வரைந்து மறைத்தனர். இதுவும் போதாதென்று ஸ்காட்லாந்து யார்டு 11 அங்குல டெலிபோட்டோ வில்லை ஒன்றை வாங்கியது. இலண்டன் ஹாலோவே சிறையின் முற்றத்தில் உலவிய பெண்கள், தாம் அறியாமலேயே, மறைந்திருந்த கலைஞரால் தொலைவிலிருந்து படமெடுக்கப்பட்டனர். அப்படங்கள் அடையாளம் காண்பதற்காகக் கலைக்கூடங்களுக்கு அனுப்பப்பட்டன. இச்செய்தியைத் தாங்கிய ஆவணங்களைப் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் 2003இல் மக்கள் பார்வைக்கு வைத்தது.

அப்பெண்களுள் சிலர் கலைக்கூட ஓவியங்களைச் சிதைத்தவர்கள் என்பதும் உண்மை. காவல்துறைக்குக் காரணம் இல்லாமலில்லை. எனினும் ஒரு வரலாற்றுத் திருப்பம் அம்முற்றத்தில் நிகழ்ந்துவிட்டது. படமெடுப்பவரும் எடுக்கப்படுபவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் உறவு அங்கே அறுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு 'வேண்டாம்' என்று சொல்லும் வாய்ப்பைத் தொலைவு பறித்துக்கொண்டது. அப்பெண்கள் கேட்ட வாக்குரிமை 1918இல் ஒரு பகுதியினருக்கும் 1928இல் ஆண்களுக்கு நிகராகவும் கிடைத்தது. படத்துக்கு இணங்கவோ மறுக்கவோ உள்ள உரிமை பற்றிய வாதம் இன்னும் முடியவில்லை.

துணைக்கருவியாக மறுபிறப்பு

இருபதாம் நூற்றாண்டில் டெலிபோட்டோ முழுமையான தனி வில்லையாக வளர்ந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி சைஸ் நிறுவனம் உருவாக்கிய 180 மி.மீ. எஃப் 2.8 வில்லைக்கு 'ஒலிம்பியா சோனார்' என்ற பெயரே நிலைத்தது. ஆனால் இத்தகைய வில்லைகள் கனமானவை, விலையுயர்ந்தவை. எனவே பழைய குழிவில்லை இணைப்பு மீண்டும் தேவைப்பட்டது.

அதற்கு வழிவிட்டது ஒற்றை வில்லை எதிரொளிப்புக் கருவி, அதாவது எஸ்.எல்.ஆர். அதில் வில்லை காண்பதையே கண்ணும் காண்பதால், நடுவே எதைச் செருகினாலும் சட்டகம் எதுவெனத் தெரியும். 1963இல் டாப்கான், 1964இல் பென்டாக்ஸ் ஆகிய நிறுவனங்கள், வில்லைவழி வரும் ஒளியையே அளக்கும் கருவிகளை விற்பனைக்குக் கொணர்ந்தன. ஒளியிழப்பை மனத்தில் கணக்கிடும் சுமையும் நீங்கியது. பல நிறுவனங்கள் மலிவான டெலிகன்வெர்ட்டர்களைச் செய்து விற்றன. எல்லா வில்லைக்கும் பொருந்துமாறு செய்யப்பட்டதால் அவை எதற்கும் முழுமையாகப் பொருந்தவில்லை. படம் மங்கலாகும் என்ற கெட்டபெயர் அப்போது ஏற்பட்டதே. மூலவில்லையின் குறைகளையும் சேர்த்தே பெருக்குவது குழிவில்லையின் இயல்பு என்பதையும் நாம் மறத்தலாகாது.

1976இல் நிக்கோன் நிறுவனம் நீண்ட வில்லைகளுக்கு ஒன்று, குறுகிய வில்லைகளுக்கு ஒன்று என இருவேறு இரு மடங்குக் கன்வெர்ட்டர்களை வெளியிட்டது. வில்லைக்கேற்ற இணை என்ற கொள்கை வேரூன்றியது. 1985இல் மினோல்டா 7000 தானியங்கிக் குவியத்தைப் பரவலாக்கியபோது புதிய சிக்கல் எழுந்தது. எஃப் 5.6க்கும் குறைந்த ஒளியில் பல கருவிகளின் குவிய உணரிகள் தடுமாறின. கண்ணாடியில்லாக் கருவிகள் அத்தடையைத் தளர்த்தியுள்ளன. 2013இல் கேனன் தனது 200-400 மி.மீ. வில்லைக்குள்ளேயே 1.4 மடங்கு கன்வெர்ட்டரைப் பதித்தது. ஒரு நெம்புகோலைத் தட்டினால் அது இடத்திற்கு வரும். 1891இல் தொடங்கிய வட்டம் இவ்வாறு நிறைவுற்றது.

கைப்பேசியின் முன்புறம் மாட்டும் சிறு குழலும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் வேறு கிளை. வில்லைக்கு முன்னே நிற்பது கலிலியோவின் தொலைநோக்கி. பின்னே நிற்பது பார்லோவின் வில்லை. முன்னது போதிய அகலமுடையதாயின் ஒளியைக் குறைக்காது.

வாங்க எண்ணுவோர்க்குச் சில சொற்கள்

முதலாவது, நல்ல வில்லைக்கே நல்ல கன்வெர்ட்டர். எஃப் 2.8 அல்லது எஃப் 4 வில்லையோடு 1.4 மடங்கு நன்கு இயையும். எஃப் 5.6 வில்லையோடு இரு மடங்கைச் சேர்த்தால் எஃப் 11 ஆகிவிடும். மழைமேகம் சூழ்ந்த நம் மாலைப்பொழுதுக்கு அது உதவாது.

இரண்டாவது, பல கன்வெர்ட்டர்களின் முன்கண்ணாடி வெளியே துருத்தியிருக்கும். பொருந்தாத வில்லையில் திணித்தால் இரண்டு கண்ணாடிகளும் மோதும். நிறுவனத்தாரின் பொருத்தப் பட்டியலைப் பார்த்தே வாங்குக.

மூன்றாவது, கை நடுக்கமும் இருமடங்காகும். எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 400, 1/400 வினாடியில் எடுத்த ஓட்டப் பந்தயத்தை, இரு மடங்குக் கன்வெர்ட்டரோடு அதே வேகத்தில் எடுக்க ஐ.எஸ்.ஓ. 1600 வேண்டும். ஒற்றைக்கால் தாங்கி ஒன்று பெருந்துணை.

நான்காவது, பத்தடி முன்னே நடக்க முடியுமாயின் நடந்துவிடுக. அதைவிட நல்ல கன்வெர்ட்டர் இல்லை.

இறுதியாக, பெற்றோர்களே, நீண்ட வில்லை வழியே நாம் காணும் பிள்ளைகள் எல்லாரும் நம் பிள்ளைகள் அல்லர். தோற்று அழும் பிள்ளையின் முகத்தை அறுபது மீட்டர் அப்பாலிருந்து அருகில் கொணர நம்மால் முடியும். அப்பிள்ளைக்கோ நாம் பார்ப்பது தெரியாது. அதை வெளியிடுமுன் அப்பிள்ளையின் தாயிடம் ஒரு சொல் கேட்பது, கருவி நீட்டிய தொலைவை மனிதர் மீண்டும் சுருக்கும் வழியாகும். ஒளியியல் பாடத்தோடு இதையும் நம் மாணவர்களுக்குச் சேர்த்தே கற்பிப்போம்.