கதிர்வீச்சை அளந்த கதை

கதிர்வீச்சுக்கு நிறமில்லை, மணமில்லை, உடலிற் படும்பொழுது பெரும்பாலும் அது உணரப்படுவதுமில்லை. ஐம்புலன்களுக்கும் எட்டாத இதனை அளந்தறியும் கருவிகள் தோன்றுமுன், மனிதன் தன் தோலையே அளவுகோலாகக் கொண்டிருந்தான்.

1895ஆம் ஆண்டு நவம்பரில் ஜேர்மனியப் பேராசிரியர் றொன்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்து வந்த ஆண்டுகளில், கதிர்க்குழாய் செவ்வனே இயங்குகின்றதா என்பதைப் பலர் தம் கையை அதன் முன் நீட்டியே சோதித்தனர். தோல் எவ்வளவு சிவந்தது என்பதே கதிரின் அளவாயிற்று. ஆனால் தோல் சிவக்குமுன்னரே தீங்கு நேர்ந்துவிடும். எடிசனின் உதவியாளராய் உழைத்த கிளாரன்ஸ் டாலி இரு கைகளையும் இழந்து, 1904இல் உயிர் துறந்தார். இத்தகையோர் நினைவாக 1936இல் ஹம்பேர்க் நகரில் நாட்டப்பெற்ற கல்லில் 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன.

தோலுக்கு மாற்றாகக் கருவிகள் மெல்ல மெல்லவே வந்தன. 1896இல் பெக்கெரல் என்னும் பிரெஞ்சு அறிஞர், கறுப்புத் தாளிற் சுற்றிய ஒளிப்படத் தட்டு யுரேனிய உப்பினாற் கறுத்திருக்கக் கண்டார். 1908இல் மான்செஸ்டரில் றதர்போர்ட்டும் கைகரும் கதிர்த்துணிக்கைகளை ஒவ்வொன்றாய் எண்ணும் கருவியை அமைத்தனர். 1928இல் கைகரும் முல்லரும் அதனைத் திருத்தி இன்றைய வடிவுக்குக் கொணர்ந்தனர். வாயு நிரப்பிய குழாயின் நடுவே உயர்மின்னழுத்தமுள்ள மெல்லிய கம்பி செல்லும். கதிர் புகுந்து வாயுவை அயனாக்கியதும் மின்துடிப்பொன்று எழும். அதுவே 'டிக்' என்ற ஒலியாய்க் கேட்கும். அதே 1928இல் ஸ்ரொக்ஹோமிற் கூடிய மகாநாடு 'றொன்ட்கன்' என்ற அலகை ஏற்றுக்கொண்டது.

பெக்கெரலின் தட்டு மீண்டும் உதவிக்கு வந்தது. 1940களில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தின் தொழிலாளர் சிறு படச்சுருள் துண்டுகளை ஆடையில் அணிந்தனர். துண்டு கறுத்த அளவைக் கொண்டு ஒவ்வொருவரும் பெற்ற கதிர்வீச்சு கணிக்கப்பட்டது.

எனினும் கருவி இருந்தால் மட்டும் போதாது என்பதை 1986 ஏப்ரல் 26ஆம் நாள் செர்னோபில் உணர்த்தியது. அணு உலை வெடித்தபோது அங்குக் கையிலிருந்த அளவிகள் பல, மணிக்கு 3.6 றொன்ட்கனுக்கு மேற் காட்ட இயலாதவை. முள் எல்லையைத் தொட்டு நின்றது. அந்த எல்லையே உண்மை அளவென மேலிடத்துக்கு அறிவிக்கப்பட்டது. உலையின் அருகிலோ அளவு ஆயிரக்கணக்கான றொன்ட்கனாயிருந்தது. அண்மையிலுள்ள பிரிப்பியட் நகர மக்கள் மறுநாட் பிற்பகலிலேயே வெளியேற்றப்பட்டனர். கடுங் கதிர்நோயுற்ற 134 பேரில் 28 பேர் அவ்வாண்டிலேயே மாண்டனர்.

டாலியிடம் அளவி இருக்கவில்லை. செர்னோபிலில் அளவி இருந்தது; அதன் எல்லையை அறிந்து, முள் சொல்லாததை ஐயுற்றோரின் சொல்லே ஏறவில்லை. அளவியை வாசிப்பவன், அது எதுவரை அளக்கும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.