கோலார் கண்ட இரசவாதம்

செம்பைப் பொன்னாக்கிக் காட்டுவோம் என்று கூறிச் செல்வரின் பெட்டியைக் காலி செய்த இரசவாதிகளின் கதைகள் நம் நாட்டிலே ஏராளம். மந்திரம் முணுமுணுத்தனர், மூலிகை அரைத்தனர், முகூர்த்தம் பார்த்தனர். பொன் மட்டும் பிறக்கவில்லை! அவர்கள் நம்பிய அதே பாதரசம், மந்திரத்தின் துணையின்றிப் பொன்னைத் திரட்டித் தந்த இடம் ஒன்று உண்டு. அதுதான் கோலார் தங்கவயல். இல்லாத பொன்னை அங்கே எவரும் உண்டாக்கவில்லை. கல்லிலே மறைந்திருந்ததைப் பிரித்தெடுத்தனர்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. பின்னாளில் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டரையும் தாண்டிற்று. மேலே வந்தது பொன்னா? வெறுங்கல்! ஒரு டன் கல்லிலே சில கிராம் பொன். இரும்புலக்கைகள் அக்கல்லை இடித்து மாவாக்கின. நீரில் கரைந்த அம்மாவு, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மீது ஓடிற்று. பொன் துகளைப் பாதரசம் பற்றிக்கொண்டது, மணல் ஓடிப்போயிற்று. தகட்டிலிருந்து சுரண்டிய கலவையை மூடிய கலத்திலிட்டுக் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகிப் பிரியும், பொன் தங்கும்.

கழிந்த மணலிலும் கண்ணுக்குத் தெரியாத பொன் இருந்தது. 1887இல் கிளாஸ்கோ நகரில் மக்கார்தரும் பாரஸ்ட் சகோதரர்களும் அதற்கு வழி கண்டனர். நீர்த்த சயனைடுக் கரைசலில், காற்றிலுள்ள பிராணவாயுவின் துணையால் பொன் கரைகிறது. துத்தநாகத்தை அதிலிட்டால் பொன் கருஞ்சேறாகப் படிகிறது. சேற்றை வெண்காரம் சேர்த்து மூசையிலே உருக்க, அழுக்கு கசடாக மேலே மிதக்கும், அடியிலே பொன். இதிலே குருவுமில்லை, சிதம்பர இரகசியமுமில்லை. எவர் செய்யினும் பலன் ஒன்றே!

பாதாளத்தில் இறங்கியவர் யார்? பெரும்பாலும் வட ஆர்க்காட்டுத் தமிழர். அவருள்ளும் மிகப் பலர், ஊர்ப் பொதுக் கிணற்றிலே நீர் மொள்ள உரிமை மறுக்கப்பட்ட மக்கள். ஆண்டையின் வயலைவிட, பாறை வெடித்துச் சிதறும் சுரங்கம் மேல் என்று அவர்கள் துணிந்தனர் என்றால், ஊரின் இலட்சணம் எப்படி இருந்திருக்கும்! கல் தூசு அவர்தம் நுரையீரலை அரித்தது. பொன்னை எடுத்துத் தந்த கைகளின் ரேகையைப் பதிவு செய்ய முனைந்தது நிர்வாகம். 1930இல் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர்.

1956இல் சுரங்கம் மைசூர் அரசின் உடைமையாயிற்று. பின்னர் நடுவண் அரசிடம் சென்றது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. பொன் போயிற்று. சயனைடு கலந்த மணற்குன்றுகள் மட்டும் நிற்கின்றன. காற்றடிக்கும்போது அவற்றின் தூசு, சுரங்கத்தில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் வீடுகளிலே வந்து படிகிறது.